கதை கேட்க வருகிறார்கள், கையெழுத்தும் கேட்கிறார்கள்

1964-ஆம் ஆண்டில் காக்கிநாடாவிலிருந்து சுமார் ஐம்பது வியாபாரிகளும் சிறு தொழில் நடத்துகிறவர்களும் நமது ஹைதராபாத்துக்கு வந்தார்கள். சரக்குக் கொள்முதலுக்கு அல்ல, கோர்ட்டு வழக்குக்கும் அல்ல. பத்து நாள் அளவில் நடந்த ஒரு பயிற்சிக்கு வந்தார்கள். அங்கே அவர்களிடம் படங்களைக் காட்டி, "இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? ஒரு கதை எழுதுங்கள்" என்றார்கள். முளையில் வளையம் எறியும் விளையாட்டு ஒன்றும் உண்டு. எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை ஆடுகிறவரே தீர்மானிக்கலாம். கிட்டத்தில் நின்று சுலபமாகப் போடுகிறாரா, எட்டாத தூரத்துக்குப் போய் அதிர்ஷ்டத்தை நம்புகிறாரா, அல்லது கொஞ்சம் கஷ்டப்பட்டால் முடியும் என்கிற இடத்தில் நிற்கிறாரா என்று பார்த்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் மூளை டேவிட் மெக்லீலண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர். ஒரு நாடு முன்னேறுவதற்குப் பணமும் இயந்திரமும் மட்டும் போதாது, "சாதிக்க வேண்டும்" என்ற உந்துதல் மனிதர்களின் மனசில் இருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. 1961-இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அந்த உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்க்க அவருக்குக் கிடைத்த இடங்களில் முக்கியமானது நம் ஊர். 1962-இல் டெல்லியிலிருந்து இங்கே மாற்றப்பட்ட சிறு தொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்தில்தான் இது நடந்தது. யூசுப்குடா பக்கம் போகிறவர்கள் அந்த நிலையத்தைப் பார்த்திருக்கலாம். இன்று அது வேறு பெயரில் இயங்குகிறது. நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி: வேலூர் வியாபாரிகளும் இந்தப் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். காக்கிநாடாவைப் போன்ற இன்னொரு கோதாவரி ஊரான ராஜமுந்திரி, பயிற்சி எதுவும் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது.

பயிற்சி பெற்றவர்கள் பிறகு புதுத் தொழிலில் இறங்குவதும், வேலைக்கு ஆள் சேர்ப்பதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்று மெக்லீலண்டும் டேவிட் வின்டர் என்பவரும் 1969-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று பொருளாதார அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். இங்கே நான் எடுத்துக்கொள்ள விரும்பும் விஷயம் வேறு. ஒரு மனிதனின் மனசுக்குள் கையை விட்டு அதைத் திருப்பிப் பார்க்க, மாற்றிப் பார்க்க, யாருக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

காக்கிநாடா விஷயத்தில் ஒன்று பாராட்டத்தக்கது. படத்தைப் பார்த்து எழுதிய கதைக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள், எந்த மாதிரி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை வியாபாரிகளுக்கே கற்றுக் கொடுத்தார்கள். தங்கள் கதையைத் தாங்களே அளந்து பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். தராசை வாடிக்கைக்காரன் பக்கம் திருப்பி வைத்த மாதிரி. வந்தவர்களும் சாமானியர்கள் அல்லர். சொந்தக் கடை, சொந்த மில், சொந்த முதல் உள்ளவர்கள். பிடிக்கவில்லையென்றால் "எனக்குக் கடையில் வேலை இருக்கிறது" என்று மறு ரயிலில் ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் அவர்கள் சோற்றில் மண் போட முடியாது.

அப்படித் திரும்ப முடியாதவர்களிடம் இதே வேலையைச் செய்தால் என்ன ஆகும்?

அநாதை விடுதியில் நடந்தது

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். 1939-ஆம் ஆண்டு அங்கே டாவன்போர்ட் என்ற ஊரிலுள்ள அநாதைக் குழந்தைகள் விடுதியில் 22 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சுக் கோளாறுகளை ஆராய்ந்த வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் யோசனை அது. அவரே திக்கிப் பேசுகிறவர். திக்குவாய் என்பது குழந்தையின் நாக்கில் தொடங்குவதில்லை, "நீ திக்குகிறாய், நீ திக்குகிறாய்" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே அது வருகிறது என்பது அவரது எண்ணம். அதை நிரூபிக்க அவரிடம் படித்த மேரி டூடர் என்ற மாணவி விடுதிக்கு அனுப்பப்பட்டார்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளைப் பிடித்து, "உனக்குத் திக்குவாய் ஆரம்பித்துவிட்டது, ஜாக்கிரதை. சரியாகப் பேச வராவிட்டால் வாயைத் திறக்காதே" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் உண்மை தெரியாது. ஏதோ பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் பேச வெட்கப்பட்டு, கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் மேரி டூடருக்கே மனசு கேட்காமல், திரும்பத் திரும்ப விடுதிக்குப் போய், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பார்த்தார். போன தைரியம் முழுவதும் திரும்பி வரவில்லை.

ஆராய்ச்சி எந்தப் பத்திரிகையிலும் வெளியாகவில்லை. அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பட்டப் படிப்பு ஏடாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 2001-இல் ஒரு பத்திரிகை நிருபர் அதைத் தோண்டி எடுத்த பிறகுதான், தங்களை வைத்து என்ன செய்தார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரிந்தது. அதற்குள் அவர்கள் கிழவர்களும் கிழவிகளும் ஆகிவிட்டார்கள். பல்கலைக்கழகம் அந்த ஆண்டே மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா அரசாங்கம் 9 லட்சத்து 25 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

ஜான்சனின் யோசனை முட்டாள்தனமானது என்று நான் சொல்ல வரவில்லை. திக்குகிற பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம் அவருக்கு இருந்தது. பட்டவருக்குத்தானே வலி தெரியும்! ஆனால் அந்தப் பரிசோதனைக்கு அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. வாசலில் வந்து "என் பிள்ளையை என்ன செய்கிறாய்?" என்று கேட்கத் தாய் தகப்பன் இல்லாத இடத்துக்குத்தான் போனார்.

நாலு டாலருக்கு வந்தவர்கள்

பெரியவர்களாக இருந்தால், சம்பளமும் கொடுத்துவிட்டால் குற்றமில்லையா? அதற்கும் ஒரு கதை உண்டு. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். ஞாபக சக்தி பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு மணி நேரம் வந்தால் 4 டாலர், வண்டிச் செலவுக்கு 50 சென்ட். தபால் ஆபீஸ் ஊழியர், விற்பனையாளர், கூலி வேலைக்காரர் என்று பலரும் வந்தார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஒரு சுவிட்சைப் போட்டு மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் அளவைக் கூட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அந்தப் பக்கம் மின்சாரமே போகவில்லை. கத்தியவர் நடிகர். வந்தவருக்கு அது தெரியாது. "போதும், அவர் கத்துகிறார்" என்று தயங்கினால், சாம்பல் நிறக் கோட்டு அணிந்தவர் அமைதியாக "தொடர வேண்டும்" என்பார். பிரபலமான முதல் தொகுதியில் 40 பேரில் 26 பேர் கடைசிச் சுவிட்சான 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஆனாலும் போட்டார்கள்.

மேலதிகாரி சொன்னால் மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு இதைவிடக் கண்ணாடி கிடையாது. அந்த வகையில் உலகத்துக்குப் பெரிய பாடம்தான். ஆனால் 1964-லேயே டயானா பாம்ரிண்ட் என்ற பெண் அறிஞர் ஒரு கேள்வியைப் போட்டார். நம்பி வந்த மனிதனை ஏமாற்றி, "நான் இவ்வளவு கொடியவனா?" என்ற எண்ணத்தை அவன் தலையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பலாமா? பின்னால் மில்கிராம் கடிதம் போட்டு விசாரித்தபோது பெரும்பாலோர் "கலந்துகொண்டதில் சந்தோஷமே" என்றுதான் பதில் எழுதினார்கள். இருக்கட்டும். முன்னால் கேட்காமல் செய்துவிட்டுப் பின்னால் சந்தோஷமா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த விவாதங்களுக்குப் பிறகு, 1973-இல் அமெரிக்க மனோதத்துவச் சங்கம் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தி எழுதியது.

இதெல்லாம் பழைய காலத்துச் சங்கதி என்று நினைத்தால், 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் கம்பெனி 6 லட்சத்து 89 ஆயிரத்து 3 பேருக்குக் காட்டும் செய்திகளில் கை வைத்தது. சிலருக்குச் சந்தோஷச் செய்திகளைக் குறைத்தார்கள், சிலருக்குச் சோகச் செய்திகளைக் குறைத்தார்கள். அதன்பின் அவர்கள் எழுதுவதில் மாற்றம் தெரிகிறதா என்று எண்ணினார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. கணக்கு ஆரம்பிக்கும்போது "சம்மதம்" என்று அமுக்கினீர்களே, அதுவே போதும் என்றார்கள். 2014-இல் ஆராய்ச்சியை வெளியிட்ட விஞ்ஞான ஏடே தன் கவலையைத் தனியாக அச்சிட வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் உபயோகிக்கிறவர்களைத்தான் எடுத்துக்கொண்டார்களாம். தமிழில் புலம்பியவர்கள் தப்பித்தார்கள்.

கம்மம் ஸ்டேஷனைத் தாண்டும்போது

சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் இரவில் கம்மம் ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். அந்த மாவட்டத்தில் 2009-இல் நடந்தது மனோதத்துவ ஆராய்ச்சி அல்ல, ஊசி மருந்து சம்பந்தப்பட்டது. இருந்தாலும் சம்மதம் என்பது நம் பக்கத்தில் எப்படி வாங்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைக்காது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை இந்தியாவில் எப்படிப் போடலாம் என்று பார்க்க, பாத் என்ற அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அன்றைய ஆந்திர அரசாங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. 10 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 14,000 பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டது. பலர் பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள். காட்டோரத்துக் கிராமத்தில் தாய் தகப்பன் இருக்க, பிள்ளைகள் அரசாங்க ஆசிரம விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். குஜராத்தில் வடோதராவிலும் இதே போன்ற திட்டம் நடந்தது.

2010-இல் சில பெண்கள் அமைப்புகள் நேரில் போய் விசாரித்துக் குரல் எழுப்பின. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து ஏழு பிள்ளைகள் இறந்திருந்தது வெளியே வந்தது. ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்றே அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு கருதியது. இந்த வகை ஊசி பல நாடுகளில் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. வாசகர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு ஊசிக்குப் பயப்பட வேண்டாம். ஊசி நல்லதா கெட்டதா என்பது டாக்டர்கள் விஷயம். சம்மதப் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது தெரிந்ததுதான் நம் விஷயம்.

2013 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையில் கணக்கு இருக்கிறது. ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948 படிவங்களில் கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர் விடுதி வார்டன்.

வார்டன்! பிள்ளைக்குச் சோறு போடுகிறவர், லீவு கொடுக்கிறவர், பிரம்பை வைத்திருக்கிறவர். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவர். அதே அரசாங்கம் நடத்தும் திட்டத்துக்கு, தாய் தகப்பனுக்குப் பதிலாக அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, கட்டு வந்தது, போட்டுத் தள்ளினார். நாமும் ஆபீஸில் எத்தனை கட்டுகளை அப்படித் தள்ளியிருக்கிறோம்! ஆனால் மறுக்க முடியாத பிள்ளைக்காக, மறுக்க முடியாத ஊழியர் போட்ட கையெழுத்து அது. டாவன்போர்ட் விடுதிக்கும் பத்ராசலம் விடுதிக்கும் எழுபது வருஷ தூரம் இருக்கிறது. பிள்ளைகள் இருந்த நிலைமையில் பெரிய தூரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாம் உலகப் போரில் கைதிகளை வைத்து நாஜி டாக்டர்கள் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947-லேயே முதல் விதியாகச் சொன்னது மனிதனின் மனமுவந்த சம்மதத்தைத்தான். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் ஒரு கொள்கை அறிக்கையும், பின்னர் 2000, 2006, 2017 ஆண்டுகளில் விரிவான நெறிமுறைகளும் வெளியிட்டது. சுகாதாரம் சம்பந்தமான சமூக, மனோதத்துவ ஆராய்ச்சிகளுக்கும் 2017 நெறிமுறைகளில் இடம் உண்டு.

அதில் நம்மைப் போன்ற வெளி மாநிலத்துக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது ஒன்று. விவரம் சொல்வதும் சம்மதம் கேட்பதும் கலந்துகொள்கிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவராக இருந்தால், எந்தப் பக்கமும் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். "எந்தப் பக்கமும் சேராத" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி சூப்பர்வைசரோ மேஸ்திரியோ அப்படிப்பட்ட சாட்சி ஆக மாட்டார்கள். ஆராய்ச்சியைப் பரிசீலிக்க ஒழுக்கக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதன் தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். அதில் சட்டம் தெரிந்தவரும், விஞ்ஞானி அல்லாத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும்.

மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் பாராளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-வது பிரிவு. நோயாளியிடம் பேட்டி எடுப்பதானாலும், மனோதத்துவ முறைகளைச் செய்து பார்ப்பதானாலும், அவரே விவரம் தெரிந்து சுதந்திரமாகச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். நம் எர்ரகட்டா ஆஸ்பத்திரியில் உறவினர்களைச் சேர்த்திருக்கிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு. ஆராய்ச்சிக்கு மாட்டேன் என்றால் அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

கிரிமினல் வழக்கில் மாட்டியவருக்குக்கூட இந்த உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஊசி போட்டு அரை மயக்கத்தில் பேச வைப்பது, பொய் கண்டுபிடிக்கும் கருவி, மூளை அலைகளைப் பதிவு செய்வது, இந்த மூன்றையும் சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010 மே 5-ஆம் தேதி செல்வி என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ் காவலில் இருந்துகொண்டு "மாட்டேன்" என்று சொல்லலாம். ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் நாம் மேஜையில் ஒரு படிவத்தை வைத்தால் பேனாவைத் திறந்துவிடுகிறோம்.

தூங்கினேன் என்று எழுதியவர்கள்

ரயில்வேயில் இருப்பதால் இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் அருகாமையானது. டிரைவர் வேலைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் மனோதத்துவச் சோதனை உண்டு. "சைக்கோ டெஸ்ட்" என்றால் நம் பையன்களுக்கு நன்றாகப் புரியும். லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை அது. கவனம், ஞாபகம், வேகம் எல்லாம் பார்ப்பார்கள். பல ஆயிரம் பேர் உயிரை ஒருவன் கையில் கொடுக்கும்போது அது அவசியம்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் சோதனை என்று எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிறது.

வேறொன்றைச் சொல்கிறேன். அரக்கோணத்தைச் சொந்த ஊராகக் கொண்ட டிரைவர் ஒருவர் சொன்னது. எந்த டிவிஷன், எந்த வருஷம் என்பது வேண்டாம். இரவு டியூட்டிக்காரர்களின் தூக்கத்தையும் மனச் சோர்வையும் பற்றி ஓர் ஆராய்ச்சி என்று கேள்வித்தாள்கள் வந்தன. "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? ஓட்டும்போது கண் அசந்ததுண்டா? வீட்டில் சண்டை உண்டா? குடிப்பழக்கம் உண்டா?" நல்ல கேள்விகள்தான். ஆனால் மேலே முதல் கட்டத்தில் பெயர், அடுத்த கட்டத்தில் பி.எஃப். நம்பர். பூர்த்தி செய்து லாபியில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசரிடமே கொடுக்க வேண்டும்.

"என்ன எழுதினீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"எட்டு மணி நேரம் தூங்கினேன்னு எழுதினேன். எல்லாரும் அதையேதான் எழுதினோம். கண் அசந்துச்சுன்னு எழுதிட்டு, நாளைக்கு வண்டியிலிருந்து இறக்கிவிட்டா, ரன்னிங் அலவன்ஸ் போயிடும். பொண்ணு காலேஜ் பீஸை நீயா கட்டுவே?" என்றார்.

ஆக, அந்த ஆராய்ச்சியின்படி நம் டிரைவர்கள் அனைவரும் குழந்தைகளைப் போலத் தூங்குகிறார்கள், வீட்டில் ஒருவருக்கும் சண்டை கிடையாது! யாரோ அதைக் கூட்டிக் கழித்து, சதவிகிதம் போட்டு, பட்டமும் வாங்கியிருப்பார். உண்மையில் தூக்கமின்றித் தவிக்கிறவருக்கு ஓய்வு அறையில் ஒரு கட்டில்கூட அதனால் கூடுதலாகக் கிடைக்காது. ஒழுக்க விதி என்பது ஆராய்ச்சிக்குக் குறுக்கே போடும் கட்டை என்று சில படித்தவர்களே பேசுகிறார்கள். பெயர் எழுதும் அந்த ஒரு கட்டத்தை எடுத்திருந்தால், மூடிய பெட்டி ஒன்றை வைத்து அதில் போடச் சொல்லியிருந்தால், அந்த டிரைவர் உண்மையை எழுதியிருப்பார். அதைப் படிக்கிறவருக்கும் ஏதாவது தெரிந்திருக்கும்.

கூக்கட்பல்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற ஆண்டு கூக்கட்பல்லிப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போயிருந்தேன். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். அன்று ஒரு காலேஜ் பெண்ணும் இரண்டு பையன்களும் கையில் பலகை மாதிரி கம்ப்யூட்டருடன் வந்திருந்தார்கள். ஊரை விட்டு வந்தவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சியாம். தனிமையாக இருக்கிறதா, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்றெல்லாம் கேள்விகள். கேட்டது தெலுங்கில். கொட்டகைக்காரர்களுக்குச் சிமெண்டு, மணல், கூலி பற்றிய தெலுங்கு தெரியும். மனசு பற்றிய தெலுங்கு தெரியாது. மேஸ்திரி நடுவில் நின்று தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சாவணும்னு தோணுச்சான்னு கேக்குது பாப்பா. இல்லேன்னு சொல்லுடா, சீக்கிரம்" என்று அவரே பதிலும் சொல்லிக் கொடுத்தார். முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து கூட்டி வந்தவர் அவர். அவர் எதிரில் வேறென்ன சொல்ல முடியும்?

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினாள். வெயிலில் நின்று வேலை செய்தாள். கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், பின்னால் தெலுங்கில் ஒரு பக்கம். கீழே கையெழுத்துக்குக் கோடு.

ஐந்தாறு பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாக நின்ற கொத்தனாருக்கு ஐம்பது வயதிருக்கும். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். மேஸ்திரி "ஒண்ணுமில்ல, போடு" என்றார். கொத்தனார் அவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணையே பார்த்து, "இது தமிழ்ல இருக்காம்மா? இருந்தா குடு, ராத்திரி எம் மவங்கிட்ட போன்ல படிச்சுக் காட்டச் சொல்லிட்டு நாளைக்குப் போடுறேன். எம் மனசுல இருக்கிறதக் கேக்கணும்னா இந்த ஆளு இல்லாதப்போ வா" என்றார்.

நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தமிழில் படிவம் தயாரித்து, தமிழ் தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். ஏற்கெனவே வாங்கிய ஆறு காகிதங்களையும் பையில் வைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே டீ சொல்லப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள் என்று கொத்தனார் போனில் சொன்னார். கூடவே மாரேட்பல்லியிலிருந்து ஒரு தமிழ் அம்மாவும் வந்திருந்தாராம். கொட்டகைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுப் பேசினார்களாம். இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்களாம். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "அத உங்ககிட்ட எதுக்கு சார் சொல்லணும்?" என்று சிரித்தார்.